கதவோரம் ஒரு பாட்டில்

ஸ்ரீராம்புரத்தில் நாங்கள் குடியிருக்கும் காம்பவுண்டில் காலை நேரத்தில் வரிசையில் நிற்பவர்கள் மனிதர்கள் இல்லை, பக்கெட்டுகள். நடுவில் ஒரு முற்றம், அதைச் சுற்றி எதிரும் புதிருமாக வீடுகள், கோடியில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு கக்கூஸ். எழுந்ததும் கண்ணைக் கசக்கிக்கொண்டே அவரவர் பக்கெட்டில் தண்ணீர் பிடித்து, வரிசையில் கடைசியாக வைத்துவிட்டு வீட்டுக்குள் போய்விடுவோம். பல் தேய்க்கலாம், பால் காய்ச்சலாம், வேண்டுமென்றால் இன்னொரு குட்டித் தூக்கமும் போடலாம். உள்ளே போனவர் வெளியே வரும்போது, அடுத்து நிற்கும் பக்கெட்டின் நிறத்தைச் சொல்லி ஒரு குரல் கொடுப்பார். "மஞ்ச பக்கெட்டூ!" என்றால் எதிர்வீட்டு ஆட்டோக்கார அண்ணன் தோளில் துண்டோடு ஓடி வருவார். "செவப்பு!" என்றால் மூலை வீட்டில் பூக்கட்டும் அக்கா வருவார். நாங்கள் பச்சை. புதிதாகக் குடிவருகிறவர்கள் வேறு யாரிடமும் இல்லாத நிறமாகப் பார்த்துத்தான் பக்கெட் வாங்க வேண்டும். தெரியாமல் இன்னொரு பச்சையை வாங்கி வந்துவிட்டால் அன்றைக்குக் காலை காம்பவுண்டே இரண்டு படும்.

இந்த ஏற்பாட்டை யார் தொடங்கியது என்று நான் பலரிடம் கேட்டுப் பார்த்திருக்கிறேன். யாருக்கும் தெரியவில்லை. ஆனால் நன்றாகத்தான் நடக்கிறது. ஒருவர் முகத்தை ஒருவர் முறைத்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. எனக்கு அவசரம் என்று யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவும் வேண்டாம்.

என் மகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தபோது நடந்ததைத்தான் சொல்ல வருகிறேன். அதற்கு முன் அவள் போன மழலையர் பள்ளி எங்கள் தெருவிலேயே இருந்தது. அங்கே ஆயாம்மா நேரம் பார்த்து எல்லாப் பிள்ளைகளையும் ரயில் வண்டி மாதிரி சட்டையைப் பிடிக்கவைத்துப் பாத்ரூமுக்குக் கூட்டிப் போய்விடுவார். புதுப் பள்ளி ஒக்கலிபுரம் பக்கம். பெரிய பள்ளி. அங்கே போக வேண்டுமென்றால் மிஸ்ஸிடம் கேட்டுவிட்டுப் போக வேண்டும். இவள் கேட்கவில்லை. சேர்ந்த கொஞ்ச நாளிலேயே, பள்ளியில் மாற்றிவிட்ட யாருடையதோ பாவாடையில், நனைந்த சீருடையை ஒரு பிளாஸ்டிக் பையில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

ஒரு தடவை என்றால் பரவாயில்லை என்று விட்டிருப்போம். மறுபடியும் நடந்தது. அப்புறமும் நடந்தது. காலையில் ஷூவை எடுத்தாலே அழ ஆரம்பித்தாள். வயிறு வலித்தது, கால் வலித்தது, காது வலித்தது. பிறகு அவளாகவே ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டாள். தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள். காலையில் நிரப்பிக் கொடுத்த ரோஸ் நிறப் பாட்டில் சாயங்காலம் அப்படியே நிரம்பியபடி திரும்பி வந்தது. அவள் உதடு வெடித்திருப்பதைப் பார்த்த அன்றைக்கு நான் பயந்தே போனேன். இந்தச் சின்ன உடம்பு எத்தனை நாள் தாங்கும் என்றுதான் முதலில் தோன்றியது.

நான் லிஃப்ட் மெக்கானிக். அடுக்குமாடிகளில் லிஃப்ட் நின்றுவிட்டால் எங்களைக் கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால் மோட்டாரும் நன்றாக இருக்கும், கயிறும் நன்றாக இருக்கும். ஏதோ ஒரு மாடியில் யாரோ கதவைச் சரியாகச் சாத்தாமல் போயிருப்பார்கள். அது சாத்தப்படும்வரை லிஃப்ட் எங்கேயும் நகராது. அதனால் மாடி மாடியாக ஏறி ஒவ்வொரு கதவாகத் தள்ளிப் பார்ப்பதுதான் எங்கள் பிழைப்பு. வீட்டிலும் அதே புத்திதான். மகள் ஏன் கேட்கவில்லை என்று ஒவ்வொரு கதவாகத் தள்ளிப் பார்க்க ஆரம்பித்தேன்.

முதலில் இங்கிலீஷ் மேல் சந்தேகப்பட்டேன். "மிஸ்கிட்ட எப்படிக் கேக்கணும், சொல்லு பாப்பா" என்றேன். "மே ஐ கோ டு த டாய்லெட், மிஸ்?" என்று கணீரென்று சொன்னாள். எனக்கே அவ்வளவு நன்றாக வராது. அடுத்து மிஸ் மேல் பயமோ என்று பார்த்தேன். வீட்டில் அவள் வரையும் படங்களில் எல்லாம் மிஸ்தான், தலை நிறைய மல்லிகைப்பூவோடு. அதுவும் இல்லை. பள்ளிப் பாத்ரூம் அசிங்கமாக இருக்குமோ என்று, ஏதோ சாக்குச் சொல்லி உள்ளே போய் நானே பார்த்துவிட்டு வந்தேன். எங்கள் காம்பவுண்டில் இருப்பதற்கு அது அரண்மனை.

என் மனைவிக்கு வேறு ஒரு யோசனை. அவள் கார்மென்ட்ஸில் வேலை செய்கிறாள். கூட வேலை செய்யும் பெண் யாரோ போனில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். குழந்தைக்குத் தன்னம்பிக்கை வர வேண்டுமானால் கண்ணாடி முன் நிறுத்தி நல்ல வாக்கியங்களைச் சொல்லவைக்க வேண்டுமாம். பீரோ கண்ணாடி முன்னால் ஒரு ஸ்டூல் போட்டார்கள். "ஐ ஆம் பிரேவ்!" என்று மகள் முழங்கினாள். "சூப்பர்! செம சூப்பர்!" என்று மனைவி கைதட்டினாள். அன்றைக்குச் சாயங்காலமும் பாவாடை நனைந்துதான் வந்தது. கண்ணாடியை மட்டும் ஒன்றும் சொல்ல முடியாது, பாவம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் மூலையில் இருக்கும், நின்றபடியே சாப்பிடும் தர்ஷினி ஓட்டலுக்கு டிபன் சாப்பிடப் போனோம். தோசை ஊற்றுகிறவர் எட்டிக் குனிந்து, "பாப்பாக்கு இன்னா வேணும்?" என்று மகளைப் பார்த்துக் கேட்டார். "அவளுக்கு செட் தோசை, சாகு குருமா மட்டும் போதும், சட்னி காரம்" என்றாள் மனைவி. மகள் வாயைத் திறக்கக்கூட இல்லை. திறக்க நேரமே கிடைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் நின்று காபி குடித்துக்கொண்டிருந்த ஒருவர் அவளிடம், "யாவ ஸ்கூலு புட்டி?" என்று கேட்டார். எந்தப் பள்ளி என்று கன்னடத்தில் கேட்கிறார். பதில் சொன்னது நான். சொல்லி முடித்த பிறகுதான் என் காதிலேயே விழுந்தது.

எனக்கு இது சுவாரசியமாகிவிட்டது. அன்றிலிருந்து மனைவியை வேவு பார்த்தேன், அவள் என்னை வேவு பார்த்தாள். யார் என்ன கேட்டாலும் மகளுக்கு முன்னால் எங்களில் ஒருவர் முந்திக்கொள்கிறோம். அவளுக்குத் தாகம் எடுப்பதற்கு முன் தண்ணீர் வந்துவிடுகிறது. குளிர்வதற்கு முன் ஸ்வெட்டர். பாத்ரூம் விஷயமும் அப்படித்தான். கார்மென்ட்ஸ் வேன் வருவதற்குள் எல்லாம் முடிய வேண்டும் என்று, விடிந்ததும் பச்சைப் பக்கெட் வரிசையில் நிற்கும். முறை வந்ததும் மனைவி மகளைத் தூக்கிக்கொண்டு போய் உள்ளே விடுவாள். கதவுக்கு வெளியே காத்திருப்பாள். மகள் வெளியே வந்ததும் இவளே அடுத்த நிறத்தைக் கூப்பிட்டுவிடுவாள். பாசத்தில் செய்வதுதான். கூடவே அவசரமும்.

"அதுக்குன்னு? கொழந்தைய தவிக்க விட்டுட்டு நா வேடிக்க பாக்கணுமா?" என்று, இதைச் சொன்னதும் மனைவி சீறினாள்.

"அப்டி சொல்லல. சும்மா பாத்துனு இருக்கேன்."

"பாத்துனே இருங்க. நாளைக்கும் பாவாடய நீங்களே தொவைங்க."

துவைத்தேன். அடுத்த நாள் சாயங்காலம் பள்ளி வாசலில் மிஸ்ஸைப் பிடித்தேன். இளம் பெண், நல்ல மாதிரி. வகுப்பு நிறையப் பிள்ளைகள், தொண்டை கட்டியிருந்தது. "கேட்டா நான் வேணாம்னு சொல்லவே மாட்டேன் சார். வாயே தொறக்கறதில்ல. கொஞ்சம் நீங்க வீட்ல பேசவைங்க" என்றார். நான் கிளம்பும்போது, "ஆங், இன்னொண்ணு சார். வாட்டர் பாட்டில பேக்ல வெக்கச் சொல்லுங்க. டெய்லி டோர் கிட்ட வெச்சிடறா. மத்த பசங்க கால் தட்டி விழறாங்க. நான்தான் எடுத்து எடுத்து அவ டெஸ்க்ல வெக்கறேன்" என்றார். சரி மிஸ், சொல்கிறேன் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். அது ஒரு விஷயமாகவே படவில்லை.

மறுநாள் காலை பச்சைப் பக்கெட்டில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போய் வரிசையில் வைத்தேன். எனக்கு முன்னால் மஞ்சள், அதற்கு முன்னால் சிவப்பு, அதற்கு முன்னால் நீலம். பக்கத்தில் ஓர் ஆள் இல்லை. தளும்பத் தளும்பத் தண்ணீரோடு பக்கெட்டுகள் மட்டும் கதவைப் பார்த்து நின்றன. வைத்துவிட்டுத் திரும்பியவன் அப்படியே நின்றுவிட்டேன். தண்ணீர் நிறைந்த பாட்டில். கதவோரம். தினமும்.

வீட்டுக்குள் ஓடினேன். மகள் பாயில் உட்கார்ந்து தூக்கக் கலக்கத்தில் இருந்தாள்.

"பாப்பா, ஸ்கூல்ல பாட்டில எதுக்கு கதவுகிட்ட வெக்கிற?"

எவ்வளவு முட்டாள்தனமான கேள்வி என்பது போல என்னைப் பார்த்தாள். "பாத்ரூம் வந்தா வெப்பேன்."

"வெச்சிட்டு?"

"எடத்துல போய் ஒக்காந்துப்பேன்." அப்புறம் குரல் இறங்கியது. "யாருமே கூப்புட மாட்டாங்கப்பா. ரோஸ் பாட்டில்னு யாருமே சொல்ல மாட்டாங்க. மிஸ் என் பாட்டில வரிசைலருந்து எடுத்துடுவாங்க."

அடுப்படியில் இருந்த மனைவி முதலில் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே உட்கார்ந்து அழுதாள். வாயில் கொழுக்கட்டையா என்று நாங்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்த பிள்ளை, அவளுக்குத் தெரிந்த வழியில் தினமும் கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறாள். முறை வரும் என்று நம்பி, காலை ஒடுக்கிக்கொண்டு காத்திருந்திருக்கிறாள்.

அன்றைக்கே நான் பள்ளிக்குப் போய் மிஸ்ஸிடம் சொன்னேன். "அய்யோ தேவரே!" என்று கடவுளைக் கூப்பிட்டபடி அவர் வாயைப் பொத்திக்கொண்டார். "நான்தான் டெய்லி அவள லைன்லருந்து தூக்கியிருக்கேனா!" அன்றிலிருந்து ரோஸ் பாட்டில் கதவோரம் வந்தால் அவர் பார்த்துவிடுவார். "ஹோகி பா" என்று சொல்ல, இவள் போய்விட்டு வருவாள். பாவாடை நனைவது நின்றது. தண்ணீரும் குடித்தாள். எல்லாம் முடிந்தது என்றாள் மனைவி.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. மிஸ் பார்த்தால்தானே பாட்டிலுக்கு மரியாதை? நான் நினைத்தபடியே, அவர் லீவு போட்ட ஒரு நாள் வேறு ஒருவர் வகுப்பைப் பார்த்துக்கொண்டார். பாட்டில் கதவோரம் நின்றது. யாரும் கூப்பிடவில்லை. மகள் மறுபடியும் பிளாஸ்டிக் பையோடு வந்தாள். அன்றைக்கு அழவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. இது இப்படித்தான் என்று ஒத்துக்கொண்ட முகமாக இருந்தது.

அவள் வாய்விட்டுக் கேட்டே ஆக வேண்டும். கேட்கவைப்பது எப்படி? மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். ஒரு மதியம் ஏதோ ஒரு அடுக்குமாடியில் சோதனைக்காகப் பட்டனை அழுத்திவிட்டு லிஃப்டுக்காக நின்றபோது ஒன்று தோன்றியது. பட்டனை அழுத்தினேன், லிஃப்ட் வந்தது. ஒரு தடவை வந்ததைப் பார்த்தவர்கள் அடுத்த தடவை அழுத்தத் தயங்குவதில்லை. தைரியசாலிகள் என்பதால் இல்லை. வரும் என்று தெரியும், அவ்வளவுதான். என் மகள் குரல் கொடுத்து ஒருவர் வந்ததை அவள் பார்த்ததே கிடையாது. கூப்பிடுவதற்கு முன்பே நாங்கள் போய் நின்றுவிடுகிறோமே.

அன்று சாயங்காலம் அவளுக்கென்று சின்னதாக ஒரு ரோஸ் பக்கெட் வாங்கிக் கொடுத்தேன். மனைவியிடம், "இனிமே அவ வெளிய வந்தா நீ கூப்புடாத. அவளே கூப்புடட்டும்" என்றேன்.

"வேன் வந்துடுமே."

"ஞாயித்துக்கெழம ஆரம்பிக்கலாம்."

ஞாயிறு காலை. மகள் உள்ளே போனாள், வெளியே வந்தாள். அடுத்து மஞ்சள். ஆட்டோக்கார அண்ணன் வீட்டுக்குள் எஃப்எம் அலறிக்கொண்டிருந்தது. அவரிடம் நான் எதுவும் சொல்லி வைத்திருக்கவில்லை. மகள் எங்களைப் பார்த்தாள். மனைவியின் வாய் தானாகத் திறந்தது. நான் அவள் கையைப் பிடித்தேன்.

"மஞ்ச..." என்றாள் மகள். அது குழாயடியைக்கூடத் தாண்டவில்லை. யாரும் வரவில்லை. பாவாடை நுனியைத் திருகிக்கொண்டு நின்றாள். வாசற்படியில் பூக்கட்டிக்கொண்டிருந்த அக்கா பொறுக்க முடியாமல் தலையைத் தூக்கினார். நான் சைகை காட்டினேன். அவரும் வாயை மூடிக்கொண்டார். அந்தக் கொஞ்ச நேரத்தில் எனக்கு வியர்த்துவிட்டது. போதும் என்று நானே கத்திவிடுவேன் போல இருந்தது.

"மஞ்ச பக்கெட்டு." இன்னும் வரவில்லை. மகளுக்குக் கோபம் வந்துவிட்டது. அவள் கோபப்பட்டு வீட்டுக்கு வெளியே பார்த்ததில்லை நான்.

"மஞ்ச பக்கெட்டூ! எத்தன தடவ கூப்புடறது!"

பாதிக் கன்னத்தில் ஷேவிங் நுரையோடு அண்ணன் ஓடி வந்தார். "யாரும்மா கூப்ட்டது?"

"நா."

"நல்ல வேள கூப்ட கண்ணு. பாட்டு சத்தத்துல கேக்கவே இல்ல" என்றபடி பக்கெட்டோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சாத்திய கதவையே மகள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம் வந்து, "நா கூப்ட்டதாலதான் மாமா வந்தாரா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"ஓடி வந்தாரு" என்றாள். அதை எங்களிடம் சொல்லவில்லை. தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

சூப்பர் என்று சொல்ல மனைவி வாயெடுத்தாள், ஆனால் சொல்லவில்லை. தேவையே படவில்லை.

அதற்கப்புறம் காம்பவுண்டின் காலைகள் மாறிப்போயின. யார் வெளியே வந்தாலும் கூப்பிடுவது என் மகள்தான். வாசலில் உட்கார்ந்துகொண்டு காது கிழியக் கத்துவாள். நைட் ஷிஃப்ட் முடித்து வந்து தூங்குகிறவர் ஒருவர் என்னிடம் வந்து புகார் சொன்னார். மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன், உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. ஒருநாள் பூக்கட்டும் அக்கா மார்க்கெட்டுக்கு நேரமாகிவிட்டதென்று தன் சிவப்புப் பக்கெட்டை ரோஸ் பக்கெட்டுக்கு முன்னால் நகர்த்தி வைத்தார். "அக்கா, என்துதான் முன்னாடி இருந்துச்சு" என்றது ஒரு குரல். அக்கா திடுக்கிட்டுத் திரும்பினார். "அவசரம்னா கேளுங்க, விடறேன்" என்றாள் மகள். அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "கொஞ்சம் விடும்மா தாயி" என்று கேட்டுவிட்டுத்தான் போனார்.

ஆனால் பள்ளியில் பாட்டில் கதவோரம்தான் நின்றது. மிஸ்ஸிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். மகளிடம் நான் எதுவும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று மனைவியோடு ஒப்பந்தம். நாக்கைக் கடித்துக்கொண்டு இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. காம்பவுண்டில் வந்த குரல் பள்ளிக்கு வருமா வராதா என்று எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. வேறு மாடி, வேறு கதவு.

ஒரு சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். பிள்ளைகள் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் ஒவ்வொருவராக மிஸ்ஸின் மேஜைக்குப் போய்ப் பேசிவிட்டு வர வேண்டும். எங்கள் முறை வந்து, மிஸ் கணக்குப் பாடத்தைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். மகள் எழுந்து வருவதை ஓரக்கண்ணால் பார்த்தேன். பாட்டில் தோளில் தொங்கியது. அவள் நடையைப் பார்த்ததுமே மனைவிக்குப் புரிந்துவிட்டது. கூட்டிப்போக நாற்காலியைவிட்டுப் பாதி எழுந்தாள். பிறகு மெதுவாக உட்கார்ந்துகொண்டாள். இந்த முறை நான் கையைப் பிடிக்கவில்லை.

மகள் எங்களைத் தாண்டி மிஸ்ஸுக்கு நேராகப் போய் நின்றாள். மிஸ் பேச்சை நிறுத்தவில்லை. அவள் காத்திருந்தாள். பிறகு, "மிஸ்!" என்றாள். எஃப்எம் சத்தத்தைத் தாண்டிய அதே குரல். வகுப்பே திரும்பியது. "மே ஐ கோ டு த டாய்லெட், மிஸ்?"

"ஹோகி பா" என்ற மிஸ்ஸின் கண்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தன. மகள் போனாள். நானும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை, பார்த்தால் அழுதுவிடுவோம் என்று இருவருக்கும் தெரியும். மிஸ் கணக்குப் பாடத்துக்குத் திரும்பினார்.

அவள் திரும்பி வந்தது கேட்டது. ஆனால் உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்று வகுப்பை ஒரு சுற்றுப் பார்த்தாள். கடைசிப் பெஞ்சில் ஒரு சின்னப் பெண், பக்கத்தில் பச்சைப் பாட்டிலோடு, காலைப் பின்னிக்கொண்டு, டெஸ்க்கைப் பிடித்தபடி, யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். எங்கள் யாருக்கும் அது கண்ணில் படவில்லை. என் மகளுக்குப் பட்டது.

"கிரீன் பாட்டில்!" என்று கூப்பிட்டாள். "அடுத்து நீதான். மிஸ்கிட்ட கேளு, விடுவாங்க."

அந்தப் பெண் எழுந்தாள்.